தராசுச் சாமி இறக்கிய கண்நீர்

சனிக்கிழமை சாயங்காலம் தலவாக்கலையிலிருந்து வரும் பஸ் கரடிப்பாறைத் தோட்டத்துக்குக் கீழே வந்து நின்றால் ஒரு பக்கமாகச் சாயும். அத்தனை பேரும் ஒரே வாசலில் முண்டியடித்து இறங்குவார்கள். அட்டன் பக்கத்து ஆட்கள், உடப்புசல்லாவை ஆட்கள், கொத்மலையிலிருந்து கோழியும் கையுமாக வந்த ஆட்கள். அவர்களில் கண் தெரியாதவர்கள் கொஞ்சப் பேர். கண் நன்றாகத் தெரிந்தும் எதையும் பார்க்காதவர்கள் மீதிப் பேர்.

மனிதன் ஆகாயத்துக்குப் போய்ப் பூமியைச் சுற்றிவிட்டு வந்தான் என்று ரேடியோவில் சொன்னது அந்த வருஷம்தான். நம்மவர்கள் அதையும் கேட்டார்கள். "அப்படியா, சரி" என்றார்கள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தராசுச் சாமியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் பழைய கொழுந்து மடுவம் ஒன்று இருந்தது. கொழுந்து நிறுப்பதற்குப் புது மடுவம் கட்டியபிறகு ஆடுகள் ஒதுங்கிக்கொண்டிருந்த தகரக் கொட்டகை அது. அங்கேதான் சாமி புலித்தோல் மாதிரிச் சாயம் போட்ட சாக்கில் உட்கார்ந்திருந்தார். கொத்மலைக் காட்டில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்தவராம். அட்டை கடிக்கும் காட்டில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவர் காலில் ஓர் அட்டைத் தழும்புகூட இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம் சேரும்.

சாமியின் வைத்தியம் சுத்தமானது. நோயாளியைத் தொடமாட்டார். கண்ணைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். கை நிறைய நல்ல தேயிலைத்தூள் கொண்டுவரச் சொல்வார். அதை மண்சட்டியில் கொட்டி, மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே, தொட்டால் கை சுடுகிறவரைக்கும் வறுப்பார். சீலைத்துணியில் பொட்டலம் கட்டிக் கற்பூரத் தைலம் ஒரு சொட்டு விடுவார். பிறகு நகை நிறுக்கும் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசை எடுத்து, ஒரு தட்டில் பொட்டலமும் மறுதட்டில் கூழாங்கல்லும் வைத்து, முள் நேராக நிற்பதை எல்லோருக்கும் காட்டுவார். "ராத்திரி கண்ணு மேல கட்டிக்கிட்டுப் படு. காலையில கொண்டா. கண்ணுக்குப் பின்னால இருக்கிற நீரை இந்தத் தூளு குடிச்சிரும்."

ஞாயிறு காலையில் அதே கல்லுக்கு எதிரே அதே பொட்டலத்தை வைத்தால், பொட்டலத் தட்டு கீழே இறங்கும். அடேயப்பா, அப்போது எழும் சத்தத்தில் மடுவத்துத் தகரம் அதிரும். சாமி மறுதட்டில் குன்றிமணியை ஒவ்வொன்றாகப் போட்டு முள்ளை நேராக்குவார். போட்ட மணி அத்தனையும் கண்ணிலிருந்து இறங்கிய நீர். சேவலும் அரிசியும் சாமிக்கு. பொட்டலமும் சாமிக்கு. "நோயி அதுக்குள்ள இருக்கு. நானே சுடுகாட்டுல பொதைச்சிக்கிறேன்" என்று பெரிய மனசோடு வாங்கி வைத்துக்கொள்வார்.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் வாரம் தவறாமல் உட்கார்ந்திருந்தாள் நாகலெட்சுமி. அவளுடைய கஷ்டம் நிஜமான கஷ்டம்.

முதலில் இடது கண் சிவந்தது, வலித்தது, வெளிச்சம் பட்டால் கூசியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து விட்டார்கள். சிவப்பு போனது, வலியும் போனது. பார்வை மட்டும் திரும்பவில்லை. பார்க்கிற இடத்தின் நட்டநடுவில் புகைபிடித்த மாதிரி ஒரு மங்கல். சுற்றிலும் இருப்பது தெரியும், எதைப் பார்க்கிறாளோ அது தெரியாது. புருஷன் வீரய்யாவை அந்தக் கண்ணால் பார்த்தால் காது தெரியும், மீசை நுனி தெரியும், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. நேர்க்கோடெல்லாம் நெளிந்தது. வலது கண்ணிலும் லேசாக அதே புகை கட்டத் தொடங்கியதும் வேலையும் கெட்டது. மலையில் தன் நிரையில், தனக்கென்று பிரித்துவிட்ட செடி வரிசையில், கொழுந்து எடுத்துக்கொண்டே போனவள் நிரை வளைகிறது என்று தானும் வளைந்து ராக்காயியின் நிரைக்குள் நுழைந்துவிட்டாள். ராக்காயி வீரய்யாவின் தங்கை. தோட்டத்திலேயே பெரிய வாய்க்காரி. "என்னா அண்ணி, உங்க நிரை முடிஞ்சா எங்க நிரையா?" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த மலைவரை கேட்டது. கூடையைக் கொட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் முற்றின இலை. கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போடுவேன் என்றார்.

அதற்குப் பிறகுதான் கண்டிக்கு ரயிலேறினார்கள். கண் டாக்டர் சிங்களவர். தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்கு உள்ள, பின்னால, ஒரு சவ்வு இருக்கு. அது வீங்கி இருக்கு. தண்ணி ஊறி இருக்கு. வெளிய சிவப்பு போச்சு, உள்ள வீக்கம் போகல. சொட்டு மருந்து அங்க போகாது. கண்ணு பக்கத்துல ஊசி போடணும். ஒரு ஊசி பத்தாது, திரும்பத் திரும்ப வரணும். லேட் பண்ண வேணாம் அம்மா. ரொம்ப நாள் ஊறினா சவ்வு கெட்டுப் போகும். அப்புறம் எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது."

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி என்றதும் நாகலெட்சுமி எழுந்துவிட்டாள். வீரய்யா அதற்குள் வாசலில் நின்றான். யோசித்துவிட்டு வருகிறோம் என்று அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். திரும்பிய வாரத்தில்தான் சாமி வந்து இறங்கினார். வீரய்யா டாக்டர் சொன்னதைச் சொன்னான். சாமி புன்னகை செய்தார்.

"தண்ணின்னு டாக்டரே சொல்லிட்டாரா? பாத்தியா! தண்ணி இருக்குன்னு அவருக்குத் தெரியும். எறக்க எனக்குத் தெரியும். ஊசி குத்தினா என்னாகும்? தண்ணிப் பையில ஊசி குத்திப் பாரு, தெரியும்."

வீரய்யா அன்றைக்கே சாமியின் காலில் விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால் சாமிக்கு விறகு வெட்டினான், கூட்டத்தை வரிசையில் நிறுத்தினான், "சாமியோட வலதுகை நான்தான்" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வாராவாரம் நாகலெட்சுமியின் பொட்டலத் தட்டு கீழே இறங்கியது. வாராவாரம் சாமி அவள் முன்னால் விளக்கைக் காட்டிக் கேட்டார்.

"வெளக்குத் தெரியுதா தாயி?"

"தெரியுதுங்க சாமி." அது எப்போதும்தான் தெரிந்தது.

"எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு தெரியுதா?"

"சுத்தி நிக்கிறவங்க தெரியுறாங்க. நீங்கதான் தெரியலைங்க."

"ஆகா! என்னையப் பாக்குறதுக்கு இன்னும் பக்குவம் வரணும்!" என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

தராசைக் கேட்டால் கண் பாதி குணமாகியிருந்தது. கூட்டத்தைக் கேட்டால் முக்கால்வாசி. கண்ணுக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை. மங்கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. டாக்டர் சொன்ன "கெட்டுப் போகும்" என்ற வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. ஊசிப் பயத்தையும் தாண்டி ஒரு பயம் வந்துவிட்டது. தனியாகவாவது கண்டிக்குப் போய்விடலாம் என்றால், ஸ்டேஷனில் பெயர்ப்பலகையைப் பார்த்தால் பலகையின் ஓரம்தான் தெரியும், பெயர் தெரியாது. வீரய்யா கூட வந்தால்தான் உண்டு. வீரய்யாவோ, "ஊசியா? கண்ணு வெடிச்சிரும், பேசாம இரு" என்று ஒரே பாட்டு.

ஒரு வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மூடுபனி. சாயங்காலம் புது மடுவத்தில் முத்துலிங்கம் கூடைகளை நிறுத்து, ஈரக் கொழுந்து என்று சொல்லி ஒவ்வொரு கூடையிலும் ஒரு றாத்தல் எடை கழித்தார். ராக்காயி விடுவாளா?

"எதுக்குங்க ஐயா இம்புட்டுக் கழிக்கிறீங்க? மழை விட்டு எம்புட்டு நேரமாச்சு!"

"மழை விட்டா என்ன, பனி விட்டுச்சா? எலை பூராத் தண்ணிய ஏத்தி வச்சிருக்கு. தண்ணிக்கெல்லாம் தொரை சம்பளம் குடுக்கமாட்டாரு."

"பனி ஏறுனதுக்கு நானா பொறுப்பு?"

இந்தச் சண்டை மழைக்காலம் முழுவதும் தினமும் நடப்பது. யாரும் காதில் வாங்கமாட்டார்கள். அன்றைக்கு நாகலெட்சுமி வாங்கினாள். இலை பனியைக் குடித்துக் கனம் ஏறுகிறது. அப்படியானால் சட்டியில் வறுத்து மொறுமொறு என்று ஆக்கிய தூள்? ராத்திரி பூராவும் பனி நுழையும் லயத்தில் கிடந்தால்? அவள் அடுப்படியில் தூள் டப்பாவைத் திறந்து வைத்தால் இரண்டே நாளில் தூள் நமத்துப்போகும். டப்பாவுக்கு என்ன கண்நோய்?

சிரிப்பு வந்தது. கூடவே, ஒரு றாத்தல் தண்ணீருக்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிற நூறு பேரில் ஒருவருக்குமா இது தோன்றவில்லை என்று எரிச்சலும் வந்தது. அந்த நூறில் தானும் ஒருத்தி என்பதில் எரிச்சல் இன்னும் கூடியது.

சனிக்கிழமை வழக்கம்போலப் பொட்டலத்தை வாங்கி வந்தாள். கண்ணில் கட்டவில்லை. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடந்த அம்மிக்குழவியின் நெற்றியில் கட்டி, ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் தராசுத் தட்டு என்றுமில்லாத வேகத்தில் இறங்கியது. சாமியே ஒரு கணம் ஆடிப்போனார். குன்றிமணி மேல் குன்றிமணியாகப் போட்டார்.

"இத்தனை நீரா! போன பொறப்புல ஆத்தைத் தடுத்து அணை கட்டுன பாவம் தாயி இது. இன்னைக்கோட வத்திப்போச்சு. இப்பப் பாரு, கண்ணு பளிச்சுன்னு தெரியும்!"

"சாமி," என்றாள் நாகலெட்சுமி, "அம்மிக்குழவிக்கு எப்பங்க பார்வை திரும்பும்?"

அவள் நடந்ததைச் சொன்னாள். ராக்காயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பக்கத்தில் நின்றவள் தோளில் முட்டிக்கொண்டு சிரித்தாள். சாமியின் தாடி மட்டும் கொஞ்சம் ஆடியது. ஆனால் அவர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். கண்ணை மூடினார். கையை உயர்த்தினார்.

"அடி பேதையே! அம்மி யாரு? கல்யாணத்துல மிதிச்சு அருந்ததி பாக்குற தெய்வம்! உன்னோட நோயைத் தாய் தாங்கிக்கிட்டா. கல்லே கண்ணீர் விட்டிருக்கு!"

அவ்வளவுதான். கூட்டம் "அம்மா தாயே!" என்று அலறிக்கொண்டு நாகலெட்சுமி இருந்த மேட்டு லயத்துக்கு ஓடியது. அம்மிக்குழவிக்கு மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், அகர்பத்தி கொளுத்தினார்கள். அன்றைக்கு நாகலெட்சுமி வீட்டில் சம்பல் அரைக்கக் குழவி கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஒன்றை இரவல் வாங்கினாள்.

வீரய்யா குதி குதியென்று குதித்தான். "சாமிய சோதிச்சிட்டியே, குடும்பம் வெளங்குமா?"

நாகலெட்சுமிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மி தெய்வம், சரி. தெய்வம் இல்லாத ஒண்ணுல கட்டினா கனம் ஏறுமா?"

"ஏறாது. எப்பிடி ஏறும்? கண்ணு இருக்கணும், இல்லாட்டித் தெய்வமா இருக்கணும்."

"அப்ப நீங்களே கட்டுங்க. உங்க கையாலயே கட்டுங்க. எதுல வேணும்னாலும் கட்டுங்க. கனம் ஏறலைன்னா செத்தாலும் கண்டிப் பேச்சு எடுக்கமாட்டேன். ஏறிச்சுன்னா திங்கக்கிழமை ரயிலு."

வீரய்யா நெஞ்சை நிமிர்த்தினான். சாமியின் மானத்தைக் காப்பாற்றக் கிடைத்த வாய்ப்பல்லவா! அடுத்த சனிக்கிழமை தானே தூள் கொடுத்து, தானே பொட்டலம் வாங்கினான். தெய்வத்துக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பொருளைத் தோட்டம் முழுக்கத் தேடினான். கடைசியில் புது மடுவத்தில் கணக்கப்பிள்ளை மறந்துவிட்டுப்போன குடை கண்ணில் பட்டது. நீளமான கறுப்புக் குடை. மூலையில் சாத்தியிருந்தது. அதன் கழுத்தில் பொட்டலத்தைக் கட்டினான்.

ஞாயிறு காலையில் பொட்டலத்தை அவிழ்த்துக் கையில் வைத்ததுமே அவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பொட்டலம் சில்லென்று நசநசத்தது. வரிசையில் போய் நின்று நீட்டினான். தட்டு இறங்கியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. வீரய்யாவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"யாருக்குடா மகனே இது?" என்று கேட்டார் சாமி.

"வேண்டியவரு ஒருத்தருங்க சாமி. கறுப்பா, ஒல்லியா, உசரமா இருப்பாரு."

"தெரியுது, தெரியுது. உருவம் என் முன்னால நிக்குது. ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"ஆமாங்க சாமி, ஒத்தக்கால்தான்!" வீரய்யாவுக்கே ஒரு நிமிஷம் மறுபடி பக்தி வந்துவிட்டது.

"மழையில ரொம்ப நனைவாரோ?"

"மழைன்னாத்தாங்க வெளியிலயே வருவாரு."

"அதான்! அந்தத் தண்ணிதான் கண்ணுல எறங்கிடுச்சு. இனிமே மழையில போகக் கூடாது. மாமிசம் ஆகாது. பொம்பளைங்க சகவாசம் ஆகவே ஆகாது. ஒரு மண்டலத்துல பார்வை பளிங்கு மாதிரி வந்துரும்."

வீரய்யா மூலையில் மறைத்து வைத்திருந்ததை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி விரித்தான்.

"இவருதாங்க சாமி. மழையில போகக் கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டாரு."

"அட, என் கொடை!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கணக்கப்பிள்ளை முத்துலிங்கம், மாமியாரின் பொட்டலத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

ராக்காயிக்கு வேறென்ன வேண்டும்? "என்னாங்க ஐயா! நாங்க கொழுந்து கொண்டாந்தா பனி ஏறியிருக்குன்னு கழிக்கிறீங்க. சாமியோட தூளுக்கு மட்டும் பனி ஏறாதா? அதுக்கும் ஒரு றாத்தல் கழிங்க, பாப்போம்!"

முத்துலிங்கம் மாமியாரின் பொட்டலத்தைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். நிறுவையில் பழுத்த மனிதர், மெதுவாகப் பொட்டலத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாமி தராசை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தபோதுதான் தலவாக்கலையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அலியார் நானா மூட்டையோடு படியேறி வந்தார். பாவம், அவருக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது.

"சாமி, நீங்க விக்கிற தூளு நல்ல தூளுதான். ஆனா தேத்தண்ணியில கற்பூர வாசம் அடிக்குதே. குடிச்சவங்க எல்லாம் கோயிலுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்குங்கிறாங்க. ஏவாரம் படுத்துப்போச்சு. இந்தாங்க, திருப்பி எடுத்துக்கங்க."

சுடுகாட்டில் புதைத்த நோய் எங்கே முளைத்தது என்று அப்போது தெரிந்தது. தலவாக்கலைப் பக்கம் வாரச்சந்தைக்குப் போய்த் தேநீர் குடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காறித் துப்பினார்கள். மடுவம் முழுக்கத் துப்பல். சாமியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டதும் பன்னிரண்டு வருஷத் தவம் பன்னிரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது பாக்டரியில், தூள் காயவைக்கும் அறையில் வேலை பார்த்தவராம். பேர் சின்னராசா. பெட்டியை மூடாமல் வைத்தால் தூளில் பனி ஏறும் என்று அங்கேதான் படித்தாராம். தூள் திருடி அகப்பட்டு வெளியே வந்தபின் இந்தப் படிப்பை வீணாக்க மனம் வரவில்லையாம்.

சேவல்களைத் திருப்பிக் கேட்டார்கள். உயிரோடு இருந்தவை மட்டும் திரும்பின. சின்னராசாவின் இரண்டு கண்ணிலும் வீரய்யாவே ஒவ்வொரு பொட்டலம் கட்டி, கைபிடித்து அழைத்துப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

திங்கட்கிழமை ரயிலேறினார்கள். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே ஊசியும் போட்டார். நாகலெட்சுமி வீரய்யாவின் கையைப் பிடித்த பிடியில் அவன்தான் "ஐயோ" என்று கத்தினான். கண் வெடிக்கவில்லை. மாத்திரையும் கொடுத்தார். மறுபடி போனார்கள். அதற்கு மறுபடியும் போனார்கள். வீக்கம் பிடிவாதம் பிடித்தது. டாக்டர் அதைவிடப் பிடிவாதக்காரர்.

கொஞ்சம் கொஞ்சமாக நிரை நேரானது. வலது கண் தெளிந்துவிட்டது. ஒருநாள் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், வீரய்யாவுக்கு மூக்கு வந்திருந்தது. இத்தனை பெரிய மூக்கா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் இடது கண்ணின் நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு மங்கல் நின்றுவிட்டது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வாரங்களுக்கு அவள் கொடுத்த விலை அது. அதை நினைத்து வீரய்யா சில நாள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். உட்காரட்டும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கண் நல்லபடியானது தெரிந்ததும் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் வெட்கப்பட்டுக்கொண்டே நாகலெட்சுமி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அம்மாக்கண்ணு என்பவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்த ஊசி மருந்து வந்த காலிக் குப்பி ஒண்ணு கெடைக்குமா? ரொம்பச் சக்தியாமே. புள்ளைக்குக் கண்ணுல பொங்குது, கறுப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல கட்டலாம்னு."

நாகலெட்சுமி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். இப்போது நன்றாகத் தெரிந்தது.

"கழுத்துல கட்டுறது இருக்கட்டும்டி. கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கியே, அது எதுக்குன்னு என்னைக்காச்சும் யோசிச்சியா? புள்ளையத் தூக்கு. டிஸ்பென்சரிக்கு நடடி."

கண்ணுக்குப் பின்னால் வீங்கினால் கண்டியில் ஊசி போடுகிறார்கள். அதற்கும் கொஞ்சம் பின்னால் மண்டைக்குள் இருப்பது வீங்கிக் கிடந்தால் எந்த ஊரிலும் ஊசி இல்லை. அவரவர் உட்கார்ந்து யோசித்துத்தான் வற்றவைக்க வேண்டும்.